பீரோ சாவி யாரிடம்?

போன வாரம் ஊத்துக்குளியில் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அரசுப் பள்ளி ஒன்றுக்கு நூலகம் வைக்கப் பணம் திரட்டுகிறார்களாம். கண்ணாடி பீரோ, மேசை, புத்தகம், திறப்பு விழா என்று பட்டியல் நீண்டது. பனியன் கம்பெனிக்காரர்கள் பெரிய தொகை போடுகிறார்கள். பென்ஷன்காரன் என்னால் ஆனதைத் தரவேண்டும்.

“தருகிறேன். பீரோ சாவி யாரிடம் இருக்கும்?” என்று கேட்டேன்.

“எச்.எம்.கிட்டத்தானுங்க.”

“அப்படியானால் பணம் இல்லை” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். கஞ்சன் என்று ஊரில் பேச்சு. அதனால் இதை எழுதுகிறேன்.

நூலகத்துக்குப் பணம் எடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் திருப்பூரில் பிறந்தவர். அந்தச் சட்டத்தால்தான் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். சீர்காழி ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே. இத்தனைக்குப் பிறகும் நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் புத்தகம் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

1998இல் நேபாள மலையில் நடக்கப்போன ஜான் வுட் என்ற அமெரிக்கர் ஒரு பள்ளியைப் பார்த்தார். சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன சில புத்தகங்கள்தான் இருந்தன. பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்கள் என்று அவற்றையும் பூட்டி வைத்திருந்தார்கள். அவர் மைக்ரோசாஃப்ட் வேலையை விட்டு, ‘ரூம் டு ரீட்’ தொடங்கி, உலகமெங்கும் பணம் திரட்டினார். நல்ல காரியம். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் “புத்தகம் போதவில்லை” என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பூட்டை விட்டுவிடுகிறார்கள்.

பூட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பூட்டைப் போட வைத்தவன் நான்.

எழுத்தராக இருந்தபோது, ஓய்வுபெறப்போகும் ஓர் ஆசிரியையின் கோப்பு என் மேசைக்கு வந்தது. இருப்புப் பதிவேட்டில் முப்பத்தேழு புத்தகம் குறைவு. “பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க சார், திரும்பி வரல” என்றார் அந்தம்மா. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரித்தேன். பணிக்கொடையில் பிடித்தார்கள். அடுத்து வந்தவர் பீரோவைப் பூட்டினார். மறு தணிக்கையில் ஒரு புத்தகமும் குறையவில்லை. “குறைபாடு ஏதுமில்லை” என்று எழுதிக் கோப்பை முடித்தேன். ஒரு பிள்ளையும் படிக்கவில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இத்தனைக்கும் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017, விதி 215) ஆயிரம் புத்தகம் படிக்கக் கொடுத்தால் ஆண்டுக்கு ஐந்து தொலைவது நியாயமே என்றிருக்கிறது; நேர்மைக்கேடோ அலட்சியமோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அது நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தொலைவதையும் கணக்கில் வைக்கலாம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறதே!

“பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே?” என்பீர்கள். கிழிக்கட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, கடைசிப் பக்கங்கள் இல்லாத ஜூல்ஸ் வெர்ன் நாவல் ஒன்று என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் படித்துத் தேய்ந்த புத்தகம். முடிவை நானே நாலு விதமாகக் கற்பனை செய்துகொண்டேன். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கிழிந்த புத்தகம்தான்.

ஆகவே அந்த நாலு பேருக்கும் சொல்கிறேன். பீரோ வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டும் திறந்த அலமாரி போடுங்கள். வசூலில் பத்தில் ஒரு பங்கைத் தொலைந்ததற்கும் கிழிந்ததற்கும் ஈடாக ஒதுக்குங்கள். “புத்தகம் குறைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம், ஆசிரியர் சம்பளத்தில் கைவைக்க வேண்டியதில்லை” என்று பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாசகம் நான் எழுதித் தருகிறேன். குறிப்பாணை எழுதிய கைதானே!

முதல் முப்பத்தேழு புத்தகத்தின் விலை என்னுடையது. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.