கொப்பியில் வரைந்த அளவி

மதிப்பிற்குரிய ஊவா மாகாணக் கல்விச் செயலாளர் அவர்களுக்கு,

நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் பாமசி இரண்டாம் வருடம் படிக்கிறேன்.

என் அம்மாயிக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். மருந்து உறையில் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. காலை மாத்திரை தேயிலை டின்னில், இரவு மாத்திரை வெத்தலைப் பெட்டியில். ஒரு மாதம் கம்பனி மாறி அதே சீனி மாத்திரை வேறு நிறத்தில் வந்தது. புது மருந்தென்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்தே போட்டுவிட்டார். இஸ்தோப்பில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தவருக்கு நான்தான் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் தமிழில் விளங்கப்படுத்த ஒருவர் இருந்திருந்தால் போதும். அன்றுதான் இந்தப் படிப்பை நினைத்தேன்.

அதற்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேண்டும். எங்கள் தோட்டப் பாடசாலை சாதாரண தரத்தோடு முடிந்தது. டவுன் பாடசாலைக்குப் போனேன். பாதி வருடத்தில் இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி, பெரகலைச் சந்தியில் பஸ் மாறி, பண்டாரவளையில் டியூஷன். அம்மா கூடுதலாகப் பறித்த கொழுந்துதான் அந்தக் காசு.

பல்கலைக்கழக அனுமதியில், மாவட்டங்களுக்கான 55 வீதத்திலும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் பதுளைக்குப் பங்குண்டு. ஆனால் அந்தக் கணக்கில் பதுளை நகரமும் எங்கள் லயமும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் முதல் நியமிப்புச் சோதனை. பக்கத்து மேசைகளில் கடைசித் துளிக்கு இளஞ்சிவப்பு மெல்லப் படர்ந்தது. என் குடுவை ஒரேயடியாகக் கடும் ரோஜா நிறமானது. அளவியின் (பியூரெட்) திருகை எவ்வளவு திறப்பதென்று என் கைக்குத் தெரியவில்லை. அதுவரை அளவியைக் கொப்பியில் பென்சிலால் வரைந்திருக்கிறேன், தொட்டதில்லை.

மருந்தைக் கம்பனிப் பெயரில் அல்ல, அதன் சொந்தப் பெயரில் எழுத வேண்டுமென்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஊவாவின் வெல்லஸ்ஸப் பகுதிக் குடும்பத்தவர், நம் மாகாணத்துக்காரர். 1971இல் அவர் முன்னின்று உருவாக்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாயியின் வெத்தலைப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் ஒரேயொரு தமிழ்மொழிப் பாடசாலையிலாவது உயிரியல் பிரிவை முழு ஆசிரியர்களோடு நடத்துங்கள். பதில் ஆள் வராமல் இரசாயனவியல் ஆசிரியரை விடுவிக்காதீர்கள். ஆய்வுகூடம் கட்ட நாளாகும். அதுவரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பண்டாரவளையில் ஏதாவதொரு பாடசாலையின் ஆய்வுகூடத்தைத் திறந்து, பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

என் தங்கை அடுத்ததாக உயர்தரத்துக்குப் போகிறாள். என் இரசாயனவியல் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அளவிப் படம் அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஹல்துமுல்லைத் தோட்டத்து மாணவி