நலம் நாடுவோம்: வேர் ஊன்றிய அன்றே பல் வேண்டுமா?

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் முப்பது, நாற்பது நாள் விடுப்பில் ஊர் திரும்பும்போது, பெற்றோரின் மருத்துவத் தேவைகளையும் அந்நாள்களுக்குள் முடித்துவிட எண்ணுவது இயல்பு. கண்புரை அறுவை, மூட்டுவலிச் சிகிச்சை என்னும் வரிசையில் இப்போது பல்லும் சேர்ந்துகொண்டுள்ளது. கழற்றி மாட்டும் பல் செட்டோடு உம்மா படும் பாட்டைக் கண்டு, இம்ப்ளாண்ட் முறையில் நிலையான பல் கட்டித் தர விரும்புகிறார்கள். நல்ல விருப்பமே. ஆனால், "நான் விமானம் ஏறுவதற்குள் பல் வந்துவிடுமா?" என்பதே மருத்துவரிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாகிவிடுகிறது. அதற்குரிய விடை உம்மாவின் தாடை எலும்பிடம்தான் இருக்கிறது.

இம்ப்ளாண்ட் என்பது டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகு. பல்லின் வேர் இருந்த இடத்தில், எலும்பினுள் அதைப் பதிக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், 1950களில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் ஒரு மனிதரின் தாடையில் முதன்முதலாக இத்திருகுகளைப் பதித்தார். 2006இல் இறக்கும் வரை அம்மனிதருக்கு அவை பயன்பட்டன. கீழ்த்தாடையாயின் மூன்று மாதம், மேல்தாடையாயின் ஆறு மாதம் கழித்தே பல் பொருத்த வேண்டும் என்பது பிரோனமார்க் வகுத்த விதி.

(மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என வினவுவோர் உளர். போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் வீசியபோது, பொன்னில் செய்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது.)

காத்திருப்பு எதற்கு? பதித்த அன்று திருகு உறுதியாக நிற்பதற்குக் காரணம், அதன் புரிகள் எலும்பைக் கவ்விப் பிடிப்பதே. அடுத்துவரும் வாரங்களில், துளையிட்ட இடத்துப் பழைய எலும்பை உடல் கரைக்கத் தொடங்குகிறது. புது எலும்போ இன்னும் முதிர்ந்திராது. எனவே மூன்றாம், நான்காம் வாரத்தில் திருகின் பிடிப்பு முதல் நாளில் இருந்ததைவிடத் தளர்ந்திருக்கும். நடவு செய்த நாற்று சில நாள் வாடி, பிறகு பச்சை பிடிப்பதில்லையா? அதுபோலத்தான். ஆனால் அவ்வேளையில் வலியும் வீக்கமும் அடங்கியிருப்பதால், "ஆறிவிட்டது" என்று எண்ணி முறுக்கைக் கடிக்கத் துணிவதும் அந்நாள்களில்தான்! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகத் திருகு ஆடினாலே போதும், சுற்றிலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடக்கூடும். அப்படி வளர்ந்தால் திருகை அகற்றுவதைத் தவிர வழியில்லை.

இக்காலத் திருகுகளின் மேற்பரப்பு சொரசொரப்பாக ஆக்கப்பட்டிருப்பதால் எலும்பு விரைவில் பற்றுகிறது. நல்ல எலும்புள்ள கீழ்த்தாடையில் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே பல் பொருத்த இயலும். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதி மென்மையானது. அங்கே அவசரம் ஆகாது. எலும்பு குறைந்த இடத்தில் எலும்புத்தூள் இட்டு நிரப்பினால் மேலும் நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். அத்தூளும் அதன்மேல் போர்த்தும் சவ்வும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. எதிலிருந்து எடுத்தது என்று முன்னதாகவே கேளுங்கள். மாற்றுப் பொருள்கள் உண்டு. கட்டுக்குள் வராத நீரிழிவும் புகைப்பழக்கமும் எலும்பு பற்றுவதைக் கெடுப்பவை. எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்வோர் அதை மறவாமல் மருத்துவரிடம் கூறவேண்டும்.

அவ்வாறெனில் "ஒரே நாளில் பல்" என்னும் விளம்பரம் பொய்யா? முழுப் பொய்யன்று. திருகு இறுகும்போது முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவை எட்டினால், முன்பல் ஒன்றை, எதிர்ப்பல்லில் இடிக்காதவாறு அன்றே வைக்கலாம். பல்லே இல்லாத தாடையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட திருகுகளை ஒரே தொகுதியாகப் பிணைத்துப் பல்வரிசை தருவதும் நடைமுறையில் உள்ளதே. ஆனால் அன்று கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த தற்காலிகப் பல். மாதக்கணக்கில் மென்மையான உணவே உண்டு, பிறகு நிலையான பல்லுக்கு மீண்டும் செல்லவேண்டும். இதை விளம்பரங்கள் சிறிய எழுத்தில்தான் சொல்கின்றன.

ஆகவே பிள்ளைகள் இவ்வேலையை இரண்டு விடுப்புகளாகப் பகுத்துக்கொள்வதே நலம். இவ்விடுப்பில் திருகு, அடுத்த விடுப்பில் பல். மருந்து வேளைகள் குழப்பம் தராதிருக்க, ரமளான் மாதத்தில் திருகு பதிப்பதைத் தவிர்க்கலாம். இடைக்காலத்தில் பழைய பல் செட்டின் உட்புறத்தைக் குடைந்து, மென்மையான உள்பூச்சு இட்டுத் தருவார்கள்; அது திருகின் மேல் அழுத்தாது. திருகின் நிறுவனப் பெயர், விட்டம், நீளம் ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, உம்மாவின் மருத்துவக் கோப்பில் வையுங்கள். ஒரு நிறுவனத்தின் திருகுக்கு மற்றொன்றின் பாகம் பொருந்தாது. அடுத்த ஆண்டு பல் பொருத்துபவர் வேறு மருத்துவராக இருந்தால், அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்.