விசிறிக்குத் தனி சுவிட்ச் தீர்வாகுமா?

ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலவில்லையா? பழைய கார் வைத்திருக்கும் நம்மில் பலர் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, டேஷ்போர்டில் தனி சுவிட்ச் பொருத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். குடும்பத்தோடு ஒரு வலீமாவுக்குச் செல்கையில், நெரிசலில் சுவிட்சைப் போட மறந்தேன். இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போனது. நட்ட நடுவெயிலில் குழந்தைகளோடு சாலையோரம் நின்றோம்.

குறையை மறைப்பது தீர்வன்று. அதன் காரணத்தைத் தேட வேண்டும். அது கடினமும் அன்று. இன்ஜின் நன்கு ஆறிய பின் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் தெர்மோ சுவிட்ச் சூட்டைச் சரியாக உணராது. அடுத்து ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே: ஹாரனுக்கும் அதே வகை ரிலே இருந்தால் மாற்றிப் பொருத்திச் சோதிக்கலாம். மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, நேரடியாக 12 வோல்ட் கொடுத்தும் சுழலவில்லையெனில் பழுது மோட்டாரில்தான். சுழன்றால், தெர்மோ சுவிட்சையோ துருவேறிய எர்த் இணைப்பையோ சந்தேகியுங்கள். ஒன்றில் எச்சரிக்கை தேவை: சில கார்களில் சாவியை அணைத்த பின்னும் விசிறி திடீரெனச் சுழலும், கையை அருகில் கொண்டு செல்லாதீர்கள்.

என் காரில் பழுதாகியிருந்தது தெர்மோ சுவிட்ச் மட்டுமே. முதலிலேயே தேடியிருந்தால் சிறு செலவோடு முடிந்திருக்கும். நம்மை நம்பி வண்டியில் ஏறுவோரின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். அதை நம் ஞாபகசக்தியை நம்பி விட்டுவிடலாகாது.