வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று டாக்டரிடம் போகிறவர்களுக்கு இப்போது வைட்டமின் டி மாத்திரை எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. 60,000 யூனிட் கொண்ட இம்மாத்திரையை வாரத்திற்கு ஒன்று வீதம், சில வாரங்களுக்கு மட்டுமே சாப்பிட வேண்டும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் வினைதான்.

இம்மருந்து வேண்டாம் என்று நாம் கூறவில்லை. திருப்பதி ஸ்விம்ஸ் டாக்டர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, வெயிலுக்குக் குறைவில்லாத நமது பகுதியிலும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதைக் காட்டியது. கிராமத்தாரைவிட நகரத்தாருக்கே குறைவு அதிகம். ஆகவே தேவைப்படுவோர் சாப்பிடத்தான் வேண்டும். கேள்வி அளவைப் பற்றியது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும். 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. அப்படியானால் ஒரு மாத்திரை என்பது நூறு நாள் பங்கு. தினம் ஒன்று விழுங்குகிறவர் உச்சவரம்பைப்போல் பதினைந்து மடங்கு விழுங்குகிறார்.

பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். டி அப்படியல்ல. கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் எனத் தொடங்கிச் சிறுநீரகமே பழுதாகலாம். அளவு மீறி வைட்டமின் டி ஏறி ஸ்ரீநகர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் 2011-ல் எழுதியிருக்கிறார்கள். இது வெறும் பயமுறுத்தல் அன்று.

நம்மவர்களுக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று உண்டு. சித்தூர்க்காரர் வேலூருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு காட்பாடி வழியாக ஊர் திரும்புகிறார். சீட்டு ஆங்கிலத்தில். கடைக்காரர் சொல்வது தெலுங்கில். மாத்திரை சாப்பிடும் பாட்டிக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். மருந்து தீர்ந்ததும் அதே பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்குகிறார்கள். இதற்கிடையில் உள்ளூர் டாக்டர் ஒருவர் அதே வைட்டமினை ஊசியாகவும் போட்டிருக்கக்கூடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை பலவற்றிலும் இதே டி கலந்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார் யாருமில்லை.

மருந்துக் கடைக்காரர்கள் இம்மாத்திரையின் உறைமீது, சாப்பிட வேண்டிய கிழமையைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய சீட்டுக்கு மருந்து தரக் கூடாது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இதைக் கண்காணிக்க வேண்டும். வாசகர்களும் வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரைப் பையை இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. அளவு மீறியிருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.