வாங்கியவன் யார்? பூட்டை மாற்றுகிறவன் யார்?

“எல்லாம் உன் நன்மைக்குத்தான்!”

பூட்டை மாற்றிவிட்டுச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொள்கிறவன் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. மில் முதலாளி சொல்லிக் கேட்டிருக்கிறோம். மிராசுதார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்று கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் கம்பெனிகளும் அதே பாட்டைத்தான் பாடுகின்றன.

விளையாட்டுச் சமாசாரத்துக்கு இந்தப் பக்கத்தில் இடமா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டாம். சினிமாக் கொட்டகைகளின் உலக வசூலையே மிஞ்சிவிட்ட வியாபாரம் இது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதற்குக் காசு கொடுக்கிறார்கள். அது மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய பொருளின் மீது வாங்கியவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி, இன்று வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கேதான் பச்சையாக எழுந்து நிற்கிறது.

விஷயம் என்ன?

முன்பெல்லாம் விளையாட்டு ஒரு தகட்டில் வரும். கடையில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் ஏற்றினால் முடிந்தது. விற்றவன் கடையோடு நின்றுகொள்வான். இப்போது அப்படியல்ல. கடையே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது! ‘லாஞ்சர்’ என்கிறார்கள் அதை. அமெரிக்காவிலுள்ள வால்வ் கம்பெனி 2003-ல் தொடங்கிய ‘ஸ்டீம்’ இவற்றுள் பெரியது. விளையாட்டை வாங்குவதும் அதன் வழியாகத்தான். இறக்குவதும் அதன் வழியாகத்தான். அன்றாடம் திறந்து ஆடுவதும் அதன் வழியாகத்தான். கடைக்காரனும் காவல்காரனும் சாவிக்காரனும் ஒரே ஆள்.

இந்தச் சாவிக்காரன், நாம் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும், நம் கம்ப்யூட்டரிலுள்ள விளையாட்டைத் திறந்து பழைய பாகங்களை எடுத்துவிட்டுப் புதிய பாகங்களை வைக்கிறான். ‘அப்டேட்’ என்பது அதன் பெயர். “செய்யட்டுமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. சரி, நிறுத்திவைக்க வழி உண்டா என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் மூன்று வழி எழுதியிருக்கிறது. எப்போதும் புதுப்பித்துக்கொண்டிரு என்பது ஒன்று. மற்றவற்றுக்கு முன்னால் இதைப் புதுப்பி என்பது இன்னொன்று. விளையாட்டைத் திறக்கும்போது புதுப்பி என்பது மூன்றாவது. புதுப்பிக்காதே என்ற வழி அங்கே இல்லை! மூன்றாவது வழியின் பொருள் என்ன? புதுப்பிக்க ஒப்பாவிட்டால் திறக்காதே என்பதுதான். சாப்பாடு போடுவார்களாம், வாயைத் திறந்தால் முதலில் மருந்தை ஊற்றுவார்களாம்!

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு 2024-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

‘ஃபால்அவுட் 4’ என்பது 2015-ல் வெளிவந்த விளையாட்டு. செய்தது பெதஸ்டா; அது 2021 முதல் மைக்ரோசாஃப்டின் கையில் இருக்கிறது. இந்த விளையாட்டின் ரசிகர்கள் வெறுமனே ஆடிவிட்டுப் போகிறவர்களல்ல. புதிய ஊர்களையும் புதிய கதைகளையும் கட்டிச் சேர்க்கிறார்கள். ‘மாட்’ என்று அவற்றைச் சொல்வார்கள். சம்பளம் கிடையாது; இரவு பகலாக உழைக்கிறார்கள்; ஊருக்கு இனாமாகக் கொடுக்கிறார்கள். ஒன்பது வருஷப் பழைய விளையாட்டு ஒன்று இன்னும் விலை போகிறதென்றால், அதில் இந்த இலவச உழைப்புக்கும் பங்குண்டு. கம்பெனிக்கு இது தெரியாததல்ல.

இந்த மாட்களில் பல, ‘ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர்’ என்ற ஒரு கருவியின் மேல் நிற்கின்றன. அதைச் செய்தவர்களும் ரசிகர்களே. அந்தக் கருவி, விளையாட்டின் நிரலில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது. ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கென்று அராவிய சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டில் மயிரிழை மாறினாலும் சாவி உதவாது.

2024 ஏப்ரல் 10-ந் தேதி ‘ஃபால்அவுட்’ டெலிவிஷன் தொடர் வெளியாயிற்று. உலகெங்கும் பேச்சு. பழைய விளையாட்டைத் தேடி ஜனங்கள் திரும்பினார்கள். ஏப்ரல் 25-ந் தேதி பெதஸ்டா பெரிய அப்டேட் ஒன்றை இறக்கியது. ஸ்டீமில் வைத்திருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து உட்கார்ந்தது. பூட்டு மாறிவிட்டது! கருவி நின்றது, கருவியின் மேல் நின்ற மாட்கள் சாய்ந்தன. நூற்றுக்கணக்கான மாட்களைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கிவைத்திருந்தவன், மறுநாள் திறந்து பார்த்தால் விளையாட்டு எழுந்திருக்கவே மறுக்கிறது. அவன் கேட்டானா அந்த அப்டேட்டை? இல்லை. வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வழி இருந்ததா? அதுவும் இல்லை.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் வருஷக்கணக்கில் உழைத்து ஒரு வேலையை முடிக்கும் தறுவாயில் இருந்தது. ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் நடக்கும் கதையை விட்டு, லண்டன் நகரம் முழுவதையும் புதிதாகக் கட்டி நிறுத்திய மாட் அது. தனி விளையாட்டு என்றே சொல்லத் தக்க அளவு பெரியது. ஏப்ரல் 23-ந் தேதி வெளியிடுவதென்று நாள் குறித்திருந்தார்கள். இரண்டு நாளில் அடிப்படையே மாறப்போகிறது என்று தெரிந்ததும் என்ன செய்வது? ஒத்திவைத்தார்கள். ஜூலை 25-ந் தேதிதான் வெளிவர முடிந்தது. வந்தபோது, ஸ்டீமில் விளையாட்டை வைத்திருந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த காரியம் என்ன தெரியுமா? கம்பெனி தானாக ஏற்றிய புதிய பதிப்பை இறக்கிவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்புவது!

மூன்று மாதம். சம்பளமில்லாத உழைப்பாளிகளின் மூன்று மாதம். ஒரு தொழிற்சாலையில் இப்படி நடந்திருந்தால் கணக்குக் கேட்டிருப்போம். இங்கே கணக்குக் கேட்க ஆள் இல்லை.

இன்னும் பின்னால் போவோம். 2008-ல் ராக்ஸ்டார் கம்பெனி ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ வெளியிட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஒருவனின் கதை. காரில் ஏறினால் ரேடியோ பாடும். அதிலே ‘விளாடிவஸ்டாக் எஃப்.எம்.’ என்று ஒரு நிலையம்; ரஷ்யப் பாட்டுக்கள். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குத் தன் பக்கத்துப் பாட்டைத் தவிர வேறென்ன துணை? கதைக்கு உயிரே அந்த ரேடியோதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். 2018 ஏப்ரலில், பத்து வருஷம் முடிந்து பாட்டுக்களுக்கான லைசென்ஸ் காலாவதியாயிற்று. என்ன செய்தார்கள்? இனி விற்கும் பிரதிகளில் மட்டும் எடுத்தார்களா? இல்லை, ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டருக்குள்ளும் அப்டேட்டை அனுப்பிப் பாட்டுக்களைப் பிடுங்கினார்கள்! அந்த ரஷ்ய நிலையம்தான் அதிகம் அடிபட்டது. லைசென்ஸ் தகராறு கம்பெனிக்கும் பாட்டுக்காரர்களுக்கும் இடையிலே. பறிகொடுத்தவனோ எங்கோ வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆள். தகட்டில் வாங்கி, இணையத்தோடு சேர்க்காமல் வைத்திருந்தவனுக்கு இன்றும் அந்த ரேடியோ பாடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘வார்கிராஃப்ட் 3’ கதை இதைவிட மோசம். 2002-ல் வந்த விளையாட்டு அது. பிளிஸ்ஸார்ட் கம்பெனி 2020 ஜனவரி 28-ல் அதைப் புதுப்பித்து, ‘ரீஃபோர்ஜ்டு’ என்று பெயர் சூட்டி, தனி விலைக்கு விற்றது. விற்கட்டும். ஆனால் அந்தப் புதுச் சரக்கை வாங்காதவர்களையும், பழைய விளையாட்டோடு திருப்தியாக இருந்தவர்களையும்கூடப் புதிய சாஃப்ட்வேருக்குள் தள்ளியது. இணையத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து ஆட வேண்டுமானால் சுமார் 30 ஜி.பி. இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகு பார்த்தால், முன்னே இருந்த தரவரிசைப் பட்டியல் இல்லை. குழு அமைக்கும் வசதி இல்லை. ரசிகர்கள் தயாரித்த தொடர்கதைகளை ஆடும் வழி இல்லை! சில வசதிகள் பின்னால் மெல்ல மெல்லத் திரும்பின. அதுவரை பதினெட்டு வருஷமாக இருந்ததைப் பறிகொடுத்தவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரசிகர்கள் இனி உருவாக்கும் விளையாட்டுக்களும் கம்பெனிக்கே சொந்தம் என்ற விதியையும் அத்தோடு சேர்த்தே எழுதிக்கொண்டார்கள். ‘டோட்டா’ என்ற உலகப் புகழ் பெற்ற விளையாட்டு முதலில் ஒரு ரசிகன் வார்கிராஃப்டுக்குள் கட்டியதுதான் என்பதை நினைத்தால், அந்த விதிக்குக் காரணம் விளங்கும்.

“அப்டேட் இல்லாவிட்டால் ஆபத்து” என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டோம். 2025 அக்டோபரில் ‘யூனிட்டி’ என்ற, ஆயிரக்கணக்கான விளையாட்டுக்களுக்கு அடித்தளமான சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருப்பது பகிரங்கமாயிற்று. 2017-லிருந்து வந்த பதிப்புகளிலெல்லாம் அது இருந்தது. அதைப் பயன்படுத்தி அந்நியன் ஒருவன் நம் கம்ப்யூட்டரிலோ போனிலோ தன் நிரலை ஓட்டிவிடக்கூடும். அந்த ஓட்டையை அடைத்துத்தான் ஆக வேண்டும். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும்போது எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்பதும் நியாயமே.

ஆனால் கேட்கிறோம்: ரேடியோப் பாட்டைப் பிடுங்கியதில் எந்த ஓட்டை அடைபட்டது? வீட்டில் தனியே உட்கார்ந்து ஆடுகிறவன் பழைய பதிப்பை வைத்திருந்தால் யாருக்குக் குடி முழுகிப்போகிறது? ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஒன்று. உள்ளே இருப்பதை மாற்றும் அப்டேட் வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒன்றைக் காட்டி மற்றொன்றையும் தலையில் ஏற்றுகிறார்களே, அதைத்தான் பித்தலாட்டம் என்கிறோம்.

“நீதானே ஒப்புக்கொண்டாய்?” என்பது அடுத்த வாதம். ஸ்டீமில் கணக்குத் தொடங்கும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் வரும். சரக்கு உனக்கு விற்கப்படவில்லை, லைசென்ஸ் மட்டுமே தரப்படுகிறது என்று அதில் இருக்கிறது. தானாகப் புதுப்பிப்பதற்குச் சம்மதிக்கிறேன் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒருநாள் ஒரு பொத்தானை அழுத்தியதற்காக ஆயுள் பரியந்தம் சம்மதமாம்! வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிய லேவாதேவிக்காரன் தோற்றான்.

பொத்தானில் “வாங்கு” என்று எழுதிவிட்டு உள்ளே “லைசென்ஸ்” என்று ஒளித்துவைக்கும் இந்த வித்தையை முதலில் தட்டிக் கேட்டது கலிபோர்னியா மாநிலம். 2024 செப்டம்பரில் சட்டம் இயற்றியது; 2025 ஜனவரி முதல் நடைமுறை. விற்பது லைசென்ஸ்தான் என்றால் அதை வாங்குகிறவன் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். ஸ்டீமும் 2024 அக்டோபரிலேயே அப்படி ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டது. உண்மையைச் சொல்ல வைத்தார்கள், நல்லது. உரிமை கிடைத்ததா? இல்லை.

உரிமையைப் பற்றிப் பேசுவது ஐரோப்பிய யூனியனின் 2019-ம் வருஷத்து 770-ம் எண் உத்தரவு. 2022 ஜனவரி முதல் பொருந்தி வருகிறது. அதன் 19-வது பிரிவைத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தப்படி சரக்கு சரியாக இருப்பதற்குத் தேவையானதற்கு மேல் மாற்றம் செய்வதானால், அதற்கு ஒப்பந்தத்தில் இடமும் தக்க காரணமும் இருக்க வேண்டும். கூடுதல் செலவு வைக்கக் கூடாது. தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த மாற்றத்தால் வாங்கியவனுக்குப் பாதகம் என்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பாதகம் சிறிதல்ல என்றால் அவன் 30 நாளைக்குள் செலவில்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இந்த முறிக்கும் உரிமை கிடையாது என்று கம்பெனி சொல்ல வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான்: மாற்றம் இல்லாத பழைய சரக்கையே அவன் செலவில்லாமல் வைத்துக்கொள்ள விட வேண்டும்.

இது நமக்குப் பழக்கமான நியாயம்தானே! வேலை நிலைமைகளை மாற்றுவதானால் 21 நாள் நோட்டீஸ் கொடு என்று 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. ஷிப்டை மாற்றினாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சரக்கை மாற்றுகிறவன் ஏன் சொல்லக் கூடாது?

முடியாத காரியத்தைக் கேட்கிறோமா? போலந்திலிருந்து நடக்கும் ‘ஜி.ஓ.ஜி.’ என்ற கடையைப் பாருங்கள். விளையாட்டை முழுதாக இறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய லாஞ்சரிலும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைக்கலாம். பல விளையாட்டுக்களில் பழைய பதிப்புக்குத் திரும்பவும் செய்யலாம். ‘ஃபால்அவுட்: லண்டன்’ வெளிவந்ததும் அந்தக் கடை வழியாகத்தான். ஸ்டீமிலேயேகூடப் பழைய பதிப்பைத் தனிக் கிளையாக வைத்துக்கொடுக்க வசதி உண்டு. ஆனால் திறந்துவிடுவது விளையாட்டைச் செய்த கம்பெனியின் இஷ்டம்.

அதனால் இன்று ஸ்டீம்காரர்கள் செய்வது என்ன? அப்டேட் வரும் நாளைக் கேட்டறிந்து இணையத்தைத் துண்டித்து வைக்கிறார்கள். ஸ்டீமின் கணக்குக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டுகிறார்கள். ஸ்டீமின் பொத்தானைத் தொடாமல் புறவாசல் வழியாக விளையாட்டைத் திறக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தன் வீட்டுக்குள் தானே சுவரேறிக் குதிக்கிறான்!

அந்த அமைப்புப் பக்கத்தில் நான்காவதாக ஒரு வரி வேண்டும்: “நான் சொல்லும்வரை தொடாதே.” அதை எழுதச் சொல்லி ரசிகர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு ஒரு புரோகிராமருக்கு எத்தனை நாள் வேலை?