சாவி திரும்பவில்லையா? பூட்டை மாற்றும் முன் யோசியுங்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பழைய பிக்அப் வண்டியின் பூட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சிஸ்டம் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் செய்பவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றி விடலாமா?" இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதை எங்கள் வீட்டு வண்டியின் இக்னிஷன் பூட்டுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

நான் வசிப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில். இங்கே பிக்அப் வண்டி நிற்காத தெருவே இல்லை எனலாம். 1994-ம் வருட மாடல் ஒன்றை 2,500 டாலருக்குப் பழையதாக வாங்கினேன். அலுவலகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கும் கம்ப்யூட்டர்களையும் மானிட்டர்களையும் ஏற்றி வந்து, சரி செய்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பது என் வார இறுதி வேலை. அதற்குத்தான் இந்த வண்டி.

2018 ஆகஸ்ட் மாதம். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதமே ஆகியிருந்த என் மகன், "அப்பா, ஒரு மேஜிக் காட்டறேன், வாங்க" என்று வாசலுக்கு அழைத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஓடிக் கொண்டிருக்கும்போதே சாவியை உருவி என் கையில் கொடுத்தான். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக் கொண்டிருந்தது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"ஒரு மாசம் இருக்கும்பா. சில சமயம் ஸ்டார்ட் பண்ணிட்டு கையை எடுத்தா சாவி தானா திரும்பாது. கர்ர்னு சத்தம் வரும். நானே கையால திருப்பிடுவேன்."

இரண்டுமே ஆபத்து. இஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிக் கொண்டே இருந்தால், அது சூடாகி எரிந்து போகும். அதைவிடப் பெரிய ஆபத்து நெடுஞ்சாலையில். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாவிக் கொத்து காலடியில் விழுந்தால், புதிதாக ஓட்டப் பழகிய பையன் என்ன செய்வான்? குனிந்து தேடுவான். அதை நினைத்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

இரண்டு யோசனைகள், இரண்டும் தவறு

பக்கத்தில் உள்ள ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். சாவியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்கள். "பழைய வண்டி. ஸ்டீயரிங் தண்டோடு மொத்தமாக மாற்றுவதுதான் நல்லது. 700 டாலர் ஆகும்" என்றார்கள். எது பழுது என்று கேட்டேன். "இக்னிஷன்" என்றார்கள். 'மதர்போர்டு போய்விட்டது' என்பதற்கு வண்டி உலகத்தில் இதுதான் பெயர் போலும்!

நண்பர் ஒருவர் வேறு வழி சொன்னார். "பூட்டை விட்டுத் தள்ளுங்கள். வயரை எடுத்து ஒரு பட்டனில் டைரக்டாகக் கொடுத்து விடலாம்." இது பாஸ்வேர்ட் மறந்து போச்சு என்பதற்காக, இனிமேல் பாஸ்வேர்டே வேண்டாம் என்று எடுத்து விடுவது போல. வண்டி திருடனுக்குச் சுலபமாகி விடும். சரியான ஃபியூஸ் இல்லாமல், தாங்காத பட்டனில் இழுத்த வயர் ஒருநாள் புகையும். சாவி இருந்தால்தான் வண்டி கிளம்பும் என்ற அடிப்படைப் பாதுகாப்பும் போய் விடும்.

பூட்டு ஒன்று, பாகம் பல

பக்கத்து வீட்டுப் பெரியவர் பூட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன். "இக்னிஷன் என்று ஒரு பொருள் கிடையாது. முதலில் அதைப் பிரித்துப் பார்" என்றார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சாவி நுழையும் இடத்தில் இருப்பது லாக் சிலிண்டர். உள்ளே ஸ்பிரிங் வைத்த சிறு தகடுகள் வரிசையாக இருக்கும். சரியான சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் சிலிண்டர் சுழலும். இது வெறும் பூட்டு. இதில் மின்சாரமே கிடையாது. அடுத்தது, சிலிண்டரின் சுழற்சியைப் பின்னால் கொண்டு போகும் இணைப்பு. கடைசியில் இருப்பதுதான் உண்மையான ஸ்விட்ச். பேட்டரி மின்சாரத்தை விளக்கு, இஞ்சின், ஸ்டார்ட்டர் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான்.

ஒரு சாவிக்கு இத்தனை வேலை ஒரே நாளில் வந்து சேரவில்லை. 1912-ல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் பல வண்டிகளில் சாவி தனி, ஸ்டார்ட்டர் பட்டன் தனி. சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும் முறையைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டு வந்தது. சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் அல்லது வண்டியின் ஓட்டம் பூட்டிக் கொள்ள வேண்டும் என்ற விதி அமெரிக்கக் கார்களுக்கு 1970-ல் வந்தது.

எந்தப் பாகம் கெட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: 'வண்டி கிளம்பவில்லை'. ஆனால் அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

சாவி நுழைகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், முதலில் ஸ்டீயரிங்கை லேசாக இரண்டு பக்கமும் ஆட்டிக் கொண்டே திருப்புங்கள். சக்கரம் அழுத்தம் கொடுத்து நின்றால் ஸ்டீயரிங் பூட்டு இறுகிக் கொள்ளும். அது பழுதே இல்லை. அப்படியும் ஆட்டி ஆட்டித்தான் திரும்புகிறது என்றால் சாவியோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது.

சாவி எந்தத் தடையும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றுகிறது, ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நடுவில் உள்ள இணைப்பு உடைந்திருக்கலாம்.

சாவி ஒழுங்காகத் திரும்புகிறது, ஆனால் விளக்குகள் வந்து வந்து போகின்றன என்றால், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் ஸ்விட்சைச் சந்தேகப்படலாம்.

ஸ்விட்சுக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிய விஷயம் இல்லை. 1996-ல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் ஸ்விட்சுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம்தான் காரணம். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஸ்விட்ச் 'ரன்' நிலையில் உறுதியாக நிற்காமல் ஓடும்போதே நழுவியது. நழுவினால் இஞ்சின் நிற்கும். மோதலில் ஏர்பேக் விரியாது. அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக் கொண்ட மரணங்கள் மட்டும் 124. ஸ்விட்சை மாற்றும் வரை, கொத்திலிருந்து மற்றச் சாவிகளைக் கழற்றி விட்டு ஒற்றைச் சாவியோடு ஓட்டுங்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். அந்த வண்டிகளில் சாவிப் பூட்டைப் புதிதாக மாற்றியிருந்தாலும், பழைய ஸ்விட்ச் அப்படியேதான் இருந்திருக்கும்.

எங்கள் வண்டியில் எது?

"முதல் சாவி இருக்கிறதா?" என்று கேட்டார் பெரியவர். வண்டியை விற்றவர் ஒரு கவரில் போட்டுக் கொடுத்த அசல் சாவி அலமாரியில் தூங்கிக் கொண்டிருந்தது. மகன் வைத்திருந்தது என் சாவியின் நகல். என்னுடையதும் ஒரு நகல்தான். கேசட்டிலிருந்து கேசட், அதிலிருந்து இன்னொரு கேசட் என்று பதிவு செய்தால் பாட்டு எப்படி இருக்கும்? சாவிப் பற்களும் அப்படித்தான். நகல் எடுக்க எடுக்க அளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சாவி எண் தெரிந்தால் அந்த எண்ணுக்கு உரிய அளவில் புதிதாக வெட்டித் தருவார்கள். அதுதான் சரியான வழி.

அசல் சாவியைப் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று திரும்பியது, தானாகவே திரும்பியும் வந்தது. ஆனால் ஓடும்போது இழுத்தால் அதுவும் வெளியே வந்தது. ஆக, நகல் சாவியும் கெட்டது, உள்ளே தகடுகளும் தேய்ந்து விட்டன. குற்றம் எங்களுடையதுதான். வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பீரோ சாவி என்று அரைக் கிலோ இரும்பை அந்தப் பூட்டில் வருடக் கணக்காகத் தொங்க விட்டிருந்தோம்.

ஸ்விட்ச் நன்றாக இருந்தது. இணைப்பும் நன்றாக இருந்தது. தேவைப்பட்டது ஒரு சிலிண்டர் மட்டும். விலை 22 டாலர்.

மாற்றிய விதம்

1990-களின் ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்அப்களில் முறை எளிது. எங்கள் வண்டியின் பூட்டும் இந்த வகைதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். சாவியை 'ரன்' நிலைக்குத் திருப்ப வேண்டும். சிலிண்டருக்குக் கீழே உள்ள மூடியில் சிறு துளை இருக்கும். அதில் 1/8 அங்குல கனமுள்ள கம்பியை விட்டு உள்ளே உள்ள பின்னை அழுத்திக் கொண்டே சாவியைப் பிடித்து இழுத்தால் சிலிண்டர் முழுதாக வெளியே வரும். சாவி 'ரன்' நிலைக்குத் திரும்பினால்தான் இந்த முறை. சாவி தொலைந்திருந்தால் அது பூட்டுக்காரர் வேலை.

புதிய சிலிண்டரை மாட்டும்போது கொஞ்சம் திணறினோம். உள்ளே போகவே இல்லை. புதியதையும் 'ரன்' நிலையில் வைத்து, பின்னை அழுத்திக் கொண்டே தள்ள வேண்டும் என்பதை மறந்து விட்டோம். அப்படிச் செய்ததும் டக்கென்று உட்கார்ந்தது. சாவியை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பியதும் பின் தன் இடத்தில் பிடித்துக் கொண்டது. மொத்தம் 20 நிமிடம். பிறகு பேட்டரியை மாட்டிச் சோதித்தோம். ஸ்டார்ட் செய்ததும் சாவி தானாகத் திரும்புகிறதா? ஓடும்போது இழுத்தால் வராமல் இருக்கிறதா? சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் பூட்டுகிறதா? மூன்றும் சரி.

ஒரு சின்ன இடைஞ்சல்: கதவுக்குப் பழைய சாவி, இக்னிஷனுக்குப் புதிய சாவி என்று இரண்டாகி விட்டது. வேண்டுமானால் பூட்டுக்காரரிடம் கொடுத்துப் புதிய சிலிண்டரின் தகடுகளைப் பழைய சாவிக்கே பொருந்தும்படி மாற்றி அடுக்கச் சொல்லலாம்.

எச்சரிக்கை: எல்லா வண்டியும் இப்படி இல்லை. 1980-களின் செவ்ரலே பிக்அப்களில் சிலிண்டரை எடுக்க ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்ற வேண்டும். சக்கரத்தில் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த வேலையில் நீங்களாக இறங்காதீர்கள்.

சாவிக்குள் சிப்

இனி நம் பத்திரிகைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். 1990-களிலிருந்து பல வண்டிகளில் சாவியின் தலைக்குள் ஒரு சிப் வந்து விட்டது. அதற்கு பேட்டரி தேவையில்லை. பூட்டைச் சுற்றி உள்ள காயில் அதை எழுப்பும். சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் ஒப்புக் கொண்டால்தான் இஞ்சின் ஓடும். ஐரோப்பாவில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இப்படிப்பட்ட திருட்டுத் தடுப்பு கட்டாயம்.

இத்தகைய வண்டியில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் புதிய சாவி சுழலும், வண்டி கிளம்பாது. யூசர் நேம் சரி, பாஸ்வேர்ட் தவறு! பல மாடல்களில் பதிவு செய்த இரண்டு சாவிகள் கையில் இருந்தால் மூன்றாவதை நீங்களே பதிவு செய்து கொள்ளலாம். ஒன்றுதான் மிச்சம் என்றால் கருவி வைத்திருப்பவரிடம் போய் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு இருக்கும்போதே மூன்றாவதைச் செய்து விடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளின் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி அதன் உரிமையாளருக்குத் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டி பழுது பார்க்கும் தகவல்கள் வெளிக் கடைக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லும் 2020-லும் மக்கள் வாக்களித்தார்கள். சட்டம் வருவது நல்லதுதான். ஆனால் 'எந்தப் பாகம்?' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தால் நமக்கு என்ன பயன்?

சரி, உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆன் ஆகவில்லையா? பிளக்கில் மின்சாரம் வருகிறதா, கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ். பின்பக்க ஸ்விட்ச் ஆனில் உள்ளதா என்று பாருங்கள். அடுத்து, கேபினட்டின் முன்னால் உள்ள பவர் பட்டன். அது இரண்டு வயர் உள்ள சின்ன ஸ்விட்ச்தான். அமுக்கி அமுக்கித் தேயும். கேபினட்டில் ரீசெட் பட்டன் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து விட்டு, ரீசெட் பட்டனின் கனெக்டரை மதர்போர்டில் பவர் பின்களில் மாற்றிச் செருகுங்கள். இப்போது ரீசெட் பட்டனை அமுக்கினால் சிஸ்டம் கிளம்புகிறதா? அப்படியானால் உங்கள் மதர்போர்டு பிழைத்தது, உங்கள் பணமும் பிழைத்தது.

எங்கள் மகன் இப்போது அந்த வண்டியை ஒற்றைச் சாவியோடுதான் ஓட்டுகிறான். சாவிக் கொத்து வீட்டு ஆணியில் தொங்குகிறது. மேஜிக் காட்டுவதை நிறுத்தி விட்டான்.