குழாயில் எவ்வளவு தண்ணி வந்துச்சு? யாருக்கும் தெரியாது!

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதல் ரயில், ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களைத் தாண்டி வில்லிவாக்கத்தில் போய் நின்றது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50 ஆயிரம் லிட்டர். கணக்கு அவ்வளவு துல்லியம். ஆனால் அதே தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் வீடுகளின் சம்ப்பில் அன்றைக்கு எத்தனை லிட்டர் விழுந்தது? அன்றும் யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது. காரணம் சிம்பிள்: பெரும்பாலான வீடுகளில் மீட்டரே இல்லை.

முதலில், யார் தண்ணீர் தருகிறார்கள்? அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் அங்கே சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர். புகார் எண் 1916. மூணு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற ஆவடி, 2019-லிருந்து தனி மாநகராட்சி; புகாரும் அங்கேதான். பூந்தமல்லிக்கு நகராட்சி. செம்பரம்பாக்கம் ஏரியைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் அது. அந்த ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்ப 2007-ல் வந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். வாடகைக்கு வீடு மாறுகிறவர்கள் மெட்ரோ, பஸ் ஸ்டாப் எல்லாம் விசாரிக்கிறார்கள். 'இந்தத் தெருவுக்குத் தண்ணி யார் விடுறாங்க?' என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, பில். மெட்ரோ வாட்டர் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் வரி, கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்துப் போடப்படுவது. மீட்டர் இல்லாத வீட்டுக்குக் குடிநீர்க் கட்டணமும் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையானது. தினமும் வந்தாலும் அதே தொகை, வாரம் ரெண்டு தடவை வந்தாலும் அதே தொகை. கரன்ட் பில்லில் யூனிட் பார்த்துச் சண்டை போடலாம். தண்ணீர் பில்லில் சண்டை போட எண்ணே கிடையாது.

இதுதான் உண்மையான சிக்கல். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். அது கிடைக்கவில்லை என்று 1916-க்கு போன் போட்டால் என்ன சொல்ல முடியும்? 'தண்ணி சரியா வரல சார்.' அந்தப் பக்கம், 'விட்டாச்சே மேடம்.' இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தெருமுனையில் இருக்கிற வீடு மோட்டார் போட்டு இழுத்தால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். பிறகு லாரிக்கு ஒரு செலவு, கேன் தண்ணிக்கு ஒரு செலவு. வரி தனி.

மீட்டர் என்றாலே 'ரேட்டை ஏத்தப் போறாங்க' என்ற பயம் வருவது நியாயம்தான். டெல்லி அதற்கு ஒரு வழி காட்டியது: 2015-லிருந்து வீடுகளுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் வரை இலவசம், ஆனால் ஓடுகிற மீட்டர் இருக்க வேண்டும். பெங்களூருவில் மீட்டர் பில் என்பது பழகிப்போன விஷயம். மீட்டர் இருந்தால் மட்டும் தண்ணீர் பெருகிவிடாது. 2024 கோடையில் பெங்களூருவே தவித்தது. ஆனால் குறைந்தது எவ்வளவு என்று வாடிக்கையாளர் கையில் ஓர் எண் இருக்கும். வாரியம் கவலைப்பட வேண்டியதும் அந்த எண்ணைப் பற்றித்தான்.

வீடுதோறும் மீட்டர் வர வருஷங்கள் ஆகலாம். வால்வு திறக்கும் நேரத்தைச் சொல்ல அவ்வளவு நாள் தேவையில்லை. எந்தத் தெருவுக்கு எப்போது திறக்கிறோம் என்பது அந்த ஏரியா ஊழியருக்கு அத்துப்படி. அது முந்தின நாள் சாயங்காலமே ஒரு எஸ்எம்எஸ்ஸாக வந்தால், விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்து மோட்டாரைப் போட்டுப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தூங்கலாம்.